பாதுவும் காப்பும்

பால் இறங்கவில்லை. பாப்பா வாயை வைத்து இழுக்கிறாள், விடுகிறாள், என் முகத்தைப் பார்க்கிறாள், மறுபடி இழுக்கிறாள். பயந்தால் பால் ஏறிக்கொள்ளும் என்று மில்லின் பிள்ளைக் காப்பகத்து ஆயா சவரியம்மா சொல்லும்போதெல்லாம் நான் நம்பியதில்லை. பால் என்ன பூனையா, ஆளைக் கண்டு மரத்தில் ஏற, என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன். வெளியே கேட்கமாட்டேன். நான் வெளியே கேட்டது என்று என்ன இருக்கிறது. இப்போது தெரிகிறது, ஏறத்தான் செய்கிறது. மார் இரண்டும் கட்டிக்கொண்டு கனக்கிறது, வலிக்கிறது, ஆனால் வாய்க்கு வரவில்லை. பேச்சும் எனக்கு அப்படித்தான். தொண்டை வரைக்கும் நிறைந்திருக்கும், நாக்குக்கு வராது. காப்பகத் திரைக்கு அந்தப்பக்கம் செருப்புச் சத்தம் கேட்கிறது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் மேடம் நடக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் காக்கிச் சட்டையும் லத்தியும் என்று நினைத்திருந்தேன். வந்தது கைத்தறிப் புடவை கட்டித் தோளில் பை மாட்டிய ஒரு அம்மா. இட்லி சாப்பிட்டாச்சா என்று கேட்கப்போகிறவர் மாதிரி முகம். அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் அதிகமானது. லத்தி என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்கலாம், அது பழக்கம். இந்த மாதிரி முகத்துக்கு முன்னால் எப்படி நிற்பது. அடுத்ததாக என்னைத்தான் கேட்கப்போகிறார்கள். பிள்ளை குடிச்சு முடிக்கட்டும், அவசரமில்ல என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்படியென்றால் பாப்பா குடித்து முடித்ததும் நான் எழுந்து போக வேண்டும். முடிக்காமலே இருந்தால்? சாயங்காலம் வரைக்கும் இப்படியே சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் பாப்பாவைப் போட்டுக்கொண்டு, மேடம் காத்திருந்து அலுத்துப்போய் ஜீப்பில் ஏறிவிட்டால்? ஏறட்டுமே. ஏறினால் கையில் அடிபட்டுக் கிடக்கிற பாண்டீஸ்வரி என்ன ஆவாள். பாப்பா கடித்துவிட்டாள். மேலே இரண்டு பல் வந்திருக்கிறது. சுருக்கென்று உச்சந்தலை வரைக்கும் ஏறுகிறது. பல்லு பட்டால் மூக்கைப் பிடி, வாயைத் திறந்துரும் என்பாள் சவரியம்மா. மேனேஜருக்கு அந்த வித்தை தெரியும்போல. காலையில் மூக்கைப் பிடிக்காமலே என் தலையை ஆட்ட வைத்துவிட்டார்.

பாண்டீஸ்வரியும் நானும் இந்த நூல் மில்லில் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். அதனால்தான் என்னைக் கேட்கிறார்கள். அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்களோ அதுதான் எனக்கும், எனக்கு என்ன சொல்லவில்லையோ அது அவளுக்கும் சொல்லவில்லை. வேடசந்தூர்ப் பக்கமிருந்து வருகிற அதே வேன், அதே கடைசி சீட்டு. என் பாப்பா அப்போது வயிற்றில்கூட இல்லை. பாண்டிதான் பேசுவாள், நான் சிரிப்பேன். தலைமுடி மிஷினில் சிக்கக்கூடாது என்று துணித் தொப்பி கொடுத்தபோது அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஏண்டி ஜோதி, நான் இப்ப இட்லியா, இட்லித் துணியா என்று கேட்டாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் சூப்பர்வைசர் கனகவேல் சார் திரும்பிப் பார்த்தார். அப்போது ஏதாவது சொன்னாரா? அதைத்தான் நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். காணாமல் போன கம்மலின் திருகாணியைத் தேடுகிற மாதிரி, பார்த்த இடத்தையே மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டு. தொப்பியைக் கழட்டாதே என்றார். வேனை விட்டுவிட்டால் அந்த நாள் லீவு என்றார். செல்போன் உள்ளே வரக்கூடாது என்றார். அப்புறம் என்னைக் கொண்டுபோய் டபுளிங்கில் விட்டார். இரண்டு நூலைச் சேர்த்து முறுக்கி ஒரே நூலாக்குகிற இடம் அது. அங்கே நின்ற அக்காவைக் காட்டி, பாத்துக்க என்றார். அவ்வளவுதான். பாத்துக்க. அந்த வார்த்தையை நான் எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். அக்கா செய்வதைக் கண்ணால் பார்த்துக்கொள் என்று சொன்னாரா, உன் உடம்பை நீதான் பார்த்துக்கொள் என்று சொன்னாரா, இல்லை இனி இந்த மிஷினை நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டுப் போனாரா. மூன்றும் ஒரே வார்த்தைதான். சொன்னவருக்கு வேலை முடிந்தது, கேட்டவளுக்கு ஆரம்பித்தது. பாண்டிக்கு அதுகூடக் கிடையாது. அவளுக்குக் கையில் தென்னம்விளக்குமாற்றைக் கொடுத்தார்கள். கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு என்னத்தைப் பாத்துக்க.

ரொம்ப நாள் கூட்டிக்கொண்டுதான் இருந்தாள். தரையெல்லாம் பறந்து கிடக்கிற பஞ்சைக் கூட்டிக் குவிப்பாள். என் மிஷின் பக்கம் வந்தால் விளக்குமாற்றின் அடியால் என் குதிகாலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். நான் திரும்பினால் கண்ணைச் சிமிட்டுவாள். உள்ளே பேச முடியாது. மிஷின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் செத்தால்கூடக் கேட்காது என்று விளையாட்டுக்குச் சொல்வோம். இனிமேல் சொல்லமாட்டோம். அதனால் எங்களுக்கு எல்லாமே கைப் பேச்சுதான். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. இரண்டு விரலைக் கத்திரி மாதிரி ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது. மூக்கைப் பொத்தினால் கனகவேல் சார் வருகிறார், அவர் எப்போதும் கைக்குட்டையை மூக்கில் வைத்திருப்பார். நெற்றியில் மூன்று விரலால் இழுத்தால் மேனேஜர். வயிற்றைத் தடவினால், உண்டாகியிருக்கியாடி. இந்தக் கேள்வியைப் பாண்டி மிஷினுக்கு அந்தப்பக்கம் நின்று என்னிடம் கேட்டாள், நான் தலையைக் குனிந்தேன், அவள் விளக்குமாற்றைத் தூக்கிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள். எல்லாவற்றுக்கும் கை இருந்தது. நிறுத்து என்பதற்கு மட்டும் இல்லை. இப்போதுதான் தெரிகிறது, இத்தனை பேர் இத்தனை காலம் வேலை பார்த்தும் மிஷினை நிறுத்து என்று சொல்ல எங்களிடம் ஒரு சைகை இல்லை. யாரும் சொல்லித்தரவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. நிறுத்துவது எங்கள் வேலை இல்லை என்று எங்களுக்குள் எப்படியோ பதிந்துவிட்டது. பாண்டிக்கு அடிபட்ட அன்றைக்குக் கார்டிங் மிஷினுக்கு எதிர்ப்பக்கம் நின்ற மரகதம் அக்கா பார்த்திருக்கிறாள், பாண்டியின் கை இழுபடுவதைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள், இரண்டு கையையும் தூக்கி ஆட்டியிருக்கிறாள். அங்கே நின்ற ஒருத்தன் அதைப் பார்த்து, என்னமோ கூப்பிடுகிறாள் என்று சிரித்தானாம்.

இங்கே உள்ளே கொஞ்சம் சத்தம் குறைவு. சுவரில் முதுகை வைத்தால்தான் மில் ஓடுவது தெரியும், தேனீக்கூட்டை முதுகில் கட்டிக்கொண்ட மாதிரி ரீங்காரம். பாப்பாவுக்கு அது தாலாட்டு. வீட்டில் அமைதியாக இருந்தால் தூங்கமாட்டாள். அவள் தலைமுடியில் எப்போதும் ஒன்றிரண்டு பஞ்சு ஒட்டியிருக்கும், நான் கொண்டுவருவது. ஊதினால் பறக்காது, எச்சில் தொட்டுத்தான் எடுக்க வேண்டும். இந்த இடம் மட்டும்தான் ஆம்பளைகள் வராத இடம். திரையில் யானைப் படம் போட்டிருக்கிறது. அதைத் தாண்டி மேனேஜர்கூட வரமாட்டார், வெளியே நின்று செருமுவார். வாசலில் குழந்தைகள் காப்பகம் என்று எழுதியிருக்கிறது. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தேன், எழுத்துக்கூட்டினால் வாசித்துவிடுவேன். ஆனால் கூட்டுவதற்குள் வேன் போய்விடும், போர்டு போய்விடும். அசையாத போர்டு என்றால் விடமாட்டேன். உள்ளே போகிற வழியில் ஒன்று இருக்கிறது, மஞ்சளில் கறுப்பு எழுத்து, பாதுகாப்பே முதன்மை. சேர்ந்த புதிதில் அதைக் கூட்டிக்கொண்டே உள்ளே போவேன். காப்பு எனக்குத் தெரியும். கையில் போடுகிறது காப்பு, திருவிழாவுக்குக் கட்டுகிறது காப்பு. பாது என்றால் என்ன? டீச்சர் சொல்லித் தந்திருப்பார்கள், அன்றைக்கு நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டில் இருந்திருப்பேன். பாண்டியிடம் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, பாதுன்னா பாதிடி, பாதி காப்பு, மீதியை நம்மதான் பாத்துக்கணும்னு போட்டுருக்காங்க என்றாள். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். அப்போது எதற்கெடுத்தாலும் சிரித்தோம்.

அந்தக் காப்புக் கயிறு. பாப்பா காலை உதறுகிறாள், கணுக்காலில் அது மேலேயும் கீழேயும் நகர்கிறது. மஞ்சள் வெளுத்துவிட்டது, குங்குமம் பட்ட இடம் மட்டும் செம்பழுப்பாக இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மில்லில் கட்டியது. எல்லா வருஷமும் நடக்கும். மிஷினையெல்லாம் துடைத்து, சந்தனம் பூசி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, ஐயர் வந்து ஒவ்வொருவர் கையிலும் கயிறு கட்டுவார். கடைக் கயிறு, சிவப்பு, ஒரு வாரத்தில் நைந்து எங்கேயோ விழுந்துவிடும். இந்த வருஷம்தான் மேனேஜர், கடையில எதுக்கு வாங்குறீங்க, நூல் மில்லுல நூலுக்கா பஞ்சம், நம்ம நூல்லயே பண்ணுங்க, அதான நமக்குப் பெருமை என்றார். எங்கள் டபுளிங் நூல்தான் எடுத்தார்கள். நான் முறுக்கிய நூல் சுற்றிய கோன் அது. கேன்டீன் அண்டாவில் மஞ்சள் கரைத்து முக்கி, கொடியில் காயப்போட்டு, நாங்கள் பெண்கள் எல்லாம் உட்கார்ந்து நாலாக மடித்துத் திரித்தோம். ஆறுமாதப் பிள்ளையைச் சவரியம்மாவிடம் விட்டுவிட்டு நானும் திரித்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாம் செய்கிற நூல் எங்கே போகிறது, யார் போடுகிற சட்டை ஆகிறது என்று எங்களுக்குத் தெரியாது, லாரியில் ஏறிப் போய்விடும். அன்றைக்குத்தான் எங்கள் நூல் எங்கள் கைக்கே வந்தது. மேனேஜர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மைக்கில் சொன்னார், இனி ஒரு வருஷத்துக்கு யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது, அம்மன் பாத்துக்குவா. அங்கேயும் பாத்துக்கதான். பாண்டி கையை நீட்டி, ஐயரே நல்லா இறுக்கிக் கட்டுங்க, இது எங்க ஜோதி நூலு என்றாள். மூன்று முடிச்சுப் போட்டார். என்ன, தாலியா கட்டுறீங்க என்று யாரோ கேட்டார்கள், சிரிப்பு. என் கயிற்றை நான் வீட்டுக்கு வந்து கழற்றிவிட்டேன். பாப்பா அப்போது ராத்திரியெல்லாம் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழுந்து அழுதாள். அவள் காலில் கட்டினால் பயம் போகும் என்று கட்டினேன். அவளுக்குப் பயம் போனதா, தெரியாது. கயிறு மட்டும் போகவில்லை.

பாண்டியை ஏன் கார்டிங்குக்கு அனுப்பினார்கள் என்று கேட்டால், அங்கே இருந்த ஆள் லீவு. பஞ்சைச் சிக்கெடுக்கிற மிஷின் அது, பெரிய உருளை, உடம்பெல்லாம் கம்பிப் பல். பாப்பாவின் பல் இரண்டுக்கே எனக்கு உச்சி சுர்ரென்கிறது. அந்த உருளைக்கு ஒரு கதவு உண்டு, கதவைத் திறந்தால் மிஷின் தானே நின்றுவிட வேண்டும், வாங்கும்போது அப்படித்தான் வந்ததாம். நின்று நின்று ஓடினால் உற்பத்தி குறைகிறது என்று அந்த விசையை எப்போதோ கழற்றிவிட்டார்கள். அது அங்கே பழையவர்களுக்குத் தெரியும். கூட்டுகிறவளுக்கு எப்படித் தெரியும். கனகவேல் சார் அவளைக் கூட்டிக்கொண்டு போய் மிஷினைக் காட்டி, பஞ்சு அடைச்சா எடுத்து விடு, அவ்வளவுதான் வேலை, பாத்துக்க என்று சொல்லிவிட்டு, லாரி வந்திருக்கிறது என்று வெளியே போய்விட்டார். பஞ்சு அடைத்தது. எடுத்துவிடப் போனாள். கை மிஷினுக்குள் போகவில்லை, மரகதம் அக்கா சாமி மேல் சத்தியம் பண்ணுகிறாள், கை வெளியேதான் இருந்தது, அந்தக் கயிற்றின் நுனி, குஞ்சம் மாதிரி தொங்குமே, அதுதான் பல்லில் போய் மாட்டியது. கடைக் கயிறாக இருந்தால் பட்டென்று அறுந்திருக்கும். சிவப்புக் கயிறு அறுந்து மிஷினுக்குள் போயிருக்கும், பாண்டி கையை உதறி, அடக் கருமமே என்று சொல்லி, எல்லோரிடமும் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருப்பாள். இது அறவில்லை, கையையும் சேர்த்து உள்ளே இழுத்துவிட்டது. இரண்டு நூலைச் சேர்த்து முறுக்கியது, அதை நாலாக மடித்துத் திரித்தது. எங்கள் நூல் எளிதில் அறாது என்று வெளிநாட்டுக்காரர்கள் இழுத்து இழுத்துப் பார்த்து வாங்கிக்கொண்டு போவார்களாம். நான் முறுக்கிய நூல். நான் முறுக்கினேன் என்பதற்காக நான்தானா? இல்லை. நான் முறுக்கியது சட்டைக்கு. கையில் கட்டச் சொன்னது யார்? கட்டிய கையோடு பல் மிஷின் முன்னால் நிறுத்தியது யார்? சரி, அது தெரியும், பகலில் தெரிகிறது. ராத்திரி பாப்பாவை அணைத்துக்கொண்டு படுத்தால் அந்தக் கயிறு என் தொடையில் உரசும், அப்போது தெரியமாட்டேன் என்கிறது.

அன்றைக்குச் சாயங்காலமே கனகவேல் சார் கத்திரிக்கோலோடு வந்தார். வரிசையில் நிற்க வைத்து எல்லோர் கையிலும் இருந்த கயிற்றை வெட்டினார், கழிவுப் பஞ்சு மூட்டையில் போட்டுக் கட்டினார். என் கையைப் பார்த்தார், வெறுங்கை, அடுத்தவளுக்குப் போய்விட்டார். பிள்ளை காலை யார் பார்ப்பார்கள்.

பாப்பா விட்டுவிட்டு அழ ஆரம்பிக்கிறாள். இந்தப்பக்கம் மாற்றிப் போடுகிறேன். சவரியம்மா மூலையில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, ஏத்தா, பாலுக்குப் பதிலா பயத்தைக் குடுக்கிறியா புள்ளைக்கு, அது வயிறு என்னத்துக்கு ஆகும் என்கிறாள். சும்மா இரு சவரியம்மா என்று சொல்ல வேண்டும்போல இருக்கிறது. அவள் சும்மா இருந்தால் இன்னும் பயமாக இருக்கும். காலையில் மேனேஜர் ரூமில் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த ரூமில் நான் உட்கார்ந்ததே இல்லை. நுனியில் உட்கார்ந்தேன், சக்கரம் வைத்த நாற்காலி, லேசாக நகர்ந்தது, பிடித்துக்கொண்டேன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பிள்ளை பேர் கேட்டார், தர்ஷிகா என்றேன், நல்ல பேர் என்றார். காப்பகமெல்லாம் இந்தச் சுத்து வட்டாரத்துல வேற எங்கயாவது உண்டா நாகஜோதி, நம்ம மில்லுலதான இருக்கு என்றார். அது நிஜம். பாப்பாவை வைத்துக்கொண்டு வேறு எங்கே வேலைக்குப் போவேன், அவள் அப்பா ஆழ்குழாய் போடுகிற லாரியோடு வடக்கே போனால் மாசக்கணக்கு. அப்புறம் கேட்டார், நீங்க ரெண்டு பேரும் சேந்தன்னைக்கே எல்லாம் சொல்லிக் குடுத்தோம்ல? தலையை ஆட்டினேன். மிஷின் பக்கத்துல கயிறு, வளையல் எதுவும் கூடாதுன்னு சொன்னோம்ல? ஆட்டினேன். அந்தப் பொண்ணு அந்தக் கயித்த அவங்க குலசாமி கோயில்ல கட்டிட்டு வந்துச்சுல்ல? அதற்கும் தலை ஆடியிருக்கும். அந்த 'ல்ல' இருக்கிறதே, அதைக் கேட்டால் என் தலை தானாக ஆடும். அப்பா அப்படித்தான் கேட்பார், மாமியார் அப்படித்தான் கேட்பார். சாப்புட்டேல்ல. சந்தோஷமா இருக்கேல்ல. பதில் உள்ளேயே இருக்கிற கேள்வி. ஆட்டியது ஒரு வாக்கு ஆகிவிடுமா? வாய் திறந்து சொல்லவில்லையே. ஆனால் அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார், எனக்கு, மேனேஜர். போய் பிள்ளைக்குப் பால் குடு என்றார். அந்தப் பாலைத்தான் காணோம்.

நேற்று வேன் அந்த வழியாகப் போனதால் இறங்கிப் பாண்டியைப் பார்க்கப் போனேன். அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருக்கின்றன, மற்றது இல்லை. நான் அழுதுவிடுவேன் என்று தெரிந்து அவளே ஆரம்பித்தாள், பாரு ஜோதி, இனி உம்மவளுக்கு டாட்டா காட்டுனா பாதி டாட்டாதான் என்றாள். அவள் அம்மா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கயிறு கட்டியது அவள் தப்பு என்று ஆகிவிட்டால் மில்லுக்கு ஒரு பொறுப்பும் கிடையாது என்று கனகவேல் சார் வேனிலேயே பேசியது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டாள், மெதுவாக, அம்மாவுக்குக் கேட்காமல்.

"ஜோதி, நெசமாச் சொல்லு. மிஷின்ல கைய விடாத, கயிறு கட்டாதன்னு யாராச்சும் நம்மகிட்டச் சொன்னாங்களா? சொல்லி, நாந்தான் மறந்துட்டனா?"

நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை போனதைவிட அவளுக்கு அது பெரிதாக இருந்தது. நம் தப்பா என்பது. எல்லோரும் சொல்லச் சொல்ல, சொல்லியிருப்பார்கள்போல, நான்தான் விளையாட்டுத்தனமாக இருந்துவிட்டேன்போல என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். பாண்டி நம்பினால் அது அப்படியே ஆகிவிடும். அதனால்தான் தேடுகிறேன். சேர்ந்த நாள், அதற்கு மறுநாள், பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் எல்லோரையும் வெயிலில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள், கையில் ஒரு பேனரைப் பிடிக்கச் சொன்னார்கள், அதிலும் பாதுகாப்பு என்றுதான் எழுதியிருந்தது, பிடித்தோம், எடுத்தார்கள், பேனரை வாங்கிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு ஏதாவது சொன்னார்களா? சிரிங்கம்மா என்றார்கள். வேறு? தேடித் தேடிக் கைக்கு வருவதெல்லாம் பாத்துக்க. எத்தனை தரம் உதறினாலும் அதுதான் விழுகிறது.

திரைக்கு வெளியே மேனேஜர் குரல் பக்கத்தில் வந்துவிட்டது. எல்லாம் சொல்லித்தான் மேடம் வச்சிருக்கோம், படிக்காத ஜனங்க, எவ்வளவு சொன்னாலும் ஏறாது, கயிறு, தாயத்துன்னு கட்டிக்கிட்டு வந்துருவாங்க என்கிறார். மேடம் சத்தம் போடவில்லை. படிக்காதவங்கன்னு தெரிஞ்சுதான வேலைக்கு வச்சீங்க, அப்ப அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றதும் உங்க வேலைதான் என்கிறார்கள். அப்புறம் சொல்கிறார்கள், சொல்லிக் குடுத்தா மட்டும் முடியாது சார், சொன்னபடி நடக்குதான்னு பக்கத்துல ஆள் நின்னு பாக்கணும், சட்டம் அதை உங்க தலையிலதான் வச்சிருக்கு, அந்தப் பொண்ணு தலையில இல்ல. சவரியம்மா தொட்டில் ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். நின்று பார்ப்பது. பார்த்துக்கொள் என்று சொல்கிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா? எனக்குத் தெரியாத சட்டமா அது? பாப்பா தவழ ஆரம்பித்ததிலிருந்து அடுப்பு கிட்டே போகாதே என்று நூறு தரம் சொல்லியாயிற்று. சொல்லிவிட்டேன் என்று நான் படுத்துத் தூங்குகிறேனா? கண்ணை எடுக்காமல் நிற்கிறேன். காலில் கயிறு கட்டியிருக்கிறேன், அதற்காக அவளை அடுப்பு முன்னால் விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவேனா? கயிறு கயிறுதான், பார்ப்பது நான்தான். சுட்டுக்கொண்டால் பிள்ளையின் தப்பு என்று யார் சொல்வார்கள்? அது பிள்ளை, பாண்டி பெரியவள் என்பார்கள். பெரியவள்தான். ஆனால் அந்த மிஷினுக்கு முன்னால் அவள் தவழ்ந்துகொண்டிருந்தவள்தானே, அது வேலைக்குச் சேர்த்தவர்களுக்குத் தெரியாதா.

செருப்பைக் கழற்றுகிற சத்தம். யானைத் திரை விலகுகிறது. மேடமே வந்துவிட்டார்கள். நான் எழப் பார்க்கிறேன், முந்தானையை இழுக்கிறேன், இருக்கட்டும் இருக்கட்டும் என்று தரையில், பாய் நுனியில், என் எதிரே உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் வர முடியாது. திரைக்குக் கீழே அவர் ஷூ மட்டும் தெரிகிறது, பளபளவென்று, நுனியில் ஒரு துளி பஞ்சு. என்ன பேரு பாப்பாவுக்கு என்று மேடமும் கேட்கிறார்கள். எல்லோரும் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். தர்ஷிகா என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் பாண்டீஸ்வரியைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள், சொல்லிக் குடுத்தாங்கல்ல என்று கேட்டால் தலை ஆடிவிடும், ஆடாமல் இருக்க வேண்டும், கழுத்தை இறுக்கிக்கொள்கிறேன். வெளியிலிருந்து மேனேஜர் செருமிவிட்டு, சொல்லும்மா நாகஜோதி, எல்லாம் சொல்லிக் குடுத்தோம்ல என்கிறார். கழுத்து நரம்பு இழுக்கிறது. மேடம் திரும்பாமலே, நான் கேக்கறேன் சார் என்கிறார்கள். ஷூ ஒரு அடி பின்னால் போகிறது. மேடம் கேட்கும்போது அந்த 'ல்ல' இல்லை.

"வேலைக்குச் சேந்ததுல இருந்து உங்க பாதுகாப்புக்குன்னு என்னம்மா செஞ்சாங்க?"

என்ன செய்தார்கள். பாது எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்க நாக்கு வரவில்லை. காப்பு தெரியும். பாப்பாவின் காலைப் பிடித்துக் கொஞ்சம் தூக்குகிறேன்.

"காப்பு கட்டுனாங்க."

என் குரல்தானா என்று தெரியவில்லை, சவரியம்மா திரும்பிப் பார்க்கிறாள். மேடம் புரியாமல் கயிற்றையும் என்னையும் பார்க்கிறார்கள். ஆரம்பித்துவிட்டது, இனி நிற்காது, எனக்கும் நிறுத்து என்பதற்குச் சைகை தெரியாது. ஆயுத பூஜைக்கு எல்லாருக்கும் கட்டுனாங்க, மேனேஜர் சார்தான் நம்ம நூல்ல பண்ணுங்கன்னாரு, பாண்டிக்கும் இதுதான், ஒரே கோனு, கோயில் கயிறு இல்ல, கூடாதுன்னு யாரும் சொல்லல, மிஷின்ல கைய விடாதன்னும் சொல்லல, பாத்துக்கன்னாங்க, வேற ஒண்ணும் சொல்லல என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு சின்னதாக இருக்கிறது சொல்லி முடித்ததும். இவ்வளவுதானா உள்ளே கிடந்து கனத்தது. திரைக்கு வெளியே செருமல் இல்லை. மேடம் குனிந்து, பாப்பாவின் கணுக்காலுக்கும் கயிற்றுக்கும் நடுவில் விரலை நுழைத்து, இழுத்துப் பார்க்கிறார்கள். கயிறு அவர்கள் விரலில் பதிகிறது, விரல் நுனி சிவந்து, அப்புறம் வெளுக்கிறது. இன்னும் கொஞ்சம் இழுக்கிறார்கள். பாப்பா வாயை எடுத்துவிட்டு யார் என்று பார்க்கிறாள்.

"அறாது மேடம்," என்கிறேன். "இது எங்க நூலு."

விரலை மெதுவாக உருவிக்கொள்கிறார்கள். விரலைச் சுற்றி ஒரு கோடு விழுந்திருக்கிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மார் சுருக்கென்று இழுக்கிறது, ஊசி குத்துகிற மாதிரி, இரண்டு பக்கமும். ரவிக்கை நனைகிறது. பாப்பா திரும்பி வாயை வைக்கிறாள். அவள் மடக் மடக்கென்று விழுங்குவது திரைக்கு அந்தப்பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.